நீளமாக வாசிக்கும் பழக்கம் திரும்பி வருகிறதா?

எங்கள் தெருவில் ஹிஃப்ளு முடித்த ஒரு பையன் இருக்கிறான். வயது பதினான்கு. சென்ற ரமழானில் எங்கள் மஹல்லா பள்ளிவாசலில் தராவீஹ் தொழவைத்த ஹாஃபிழுக்குப் பின்னால் நின்று, அவர் எங்காவது தடுமாறினால் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் காதில் விழ வேண்டும். மாதம் முழுவதும் அதைச் செய்தான்.

பெருநாள் கழிந்து இரண்டு வாரத்தில் அவனுடைய உம்மா என்னிடம் வந்தார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை; மாலையில் வீட்டில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். "லாத்தா, இவனுக்கு நாலு பக்கம் படிச்சு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லத் தெரியலை. ரெண்டு நிமிஷத்துல ஃபோனைத் தேடுறான். கவனமே இல்லை" என்றார்.

இரண்டும் ஒரே பையன்தான். அந்த உம்மா சொன்னதில் பொய்யும் இல்லை. ஒன்றரை மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவனுக்கு நான்கு பக்கம் ஏன் மலையாகத் தெரிகிறது என்ற கேள்வி என்னைப் பல நாட்கள் விடவில்லை. அதைத் தேடிப் படித்ததில் கிடைத்தவற்றையும், அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியைத் தள்ளி வைத்துவிடலாம். "மனிதனின் கவனம் எட்டு நொடி; தங்கமீனின் கவனம் ஒன்பது நொடி" என்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2015ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கனடா பிரிவு விளம்பரதாரர்களுக்காக வெளியிட்ட அறிக்கையில் இந்த எண் வந்தது. அங்கிருந்து உலகப் பத்திரிகைகள் எல்லாம் எடுத்துப் போட்டன. 2017இல் பிபிசி இதன் மூலத்தைத் தேடிச் சென்றபோது, எட்டு நொடி என்பதற்குப் பின்னால் எந்த ஆய்வும் அகப்படவில்லை. தங்கமீன் பாவம், விஞ்ஞானிகள் நினைவாற்றலை ஆராய அந்த மீனைத்தான் பல காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். அவ்வளவு மறதிக்கார மீன் அல்ல அது.

அப்படியானால் ஒன்றுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் என்ற பேராசிரியை இருபது ஆண்டுகளாக இதை அளந்து வந்திருக்கிறார். ஆரம்பத்தில் அலுவலக ஊழியர்களின் பின்னால் நிறுத்துக் கடிகாரத்துடன் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். பிறகு கணினியே பதிவு செய்தது. ஒருவர் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்து அடுத்த திரைக்குத் தாவ எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அவருடைய கணக்கு. 2004இல் சராசரியாக இரண்டரை நிமிடம். 2012இல் 75 நொடி. பின்னர் வந்த அளவீடுகளில் 47 நொடி.

இந்த எண்ணையும் கவனமாகப் படிக்க வேண்டும். மூளையின் சக்தி 47 நொடியாகச் சுருங்கிவிட்டது என்று இது சொல்லவில்லை. திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைத்தான் சொல்கிறது. அவர் கண்ட இன்னொரு விஷயம் எனக்கு உறைத்தது: மற்றவர்கள் நம்மைத் தொந்தரவு செய்வதற்கு ஏறத்தாழச் சமமாக நாமே நம்மைத் தொந்தரவு செய்துகொள்கிறோம். ஃபோன் அடிக்காமலேயே எடுத்துப் பார்க்கிறோமே, அதுதான்.

இப்போது அந்தப் பையனின் ஹிஃப்ளு வகுப்பை நினைத்துப் பாருங்கள். அங்கே ஃபோன் கிடையாது. நேரம் நிர்ணயிக்கப்பட்டது. உஸ்தாது எதிரில் இருக்கிறார். நேற்றைய பாடத்தை ஒப்புவித்த பிறகுதான் இன்றைய பாடம். பக்கத்தில் இருப்பவனும் அதையே செய்கிறான். கவனம் என்பது அந்தப் பையனுக்குள் மட்டும் இருக்கவில்லை; அந்த அறையிலும் இருந்தது. பாடப் புத்தகத்தை அவன் படிப்பதோ கட்டிலில் படுத்துக்கொண்டு, தலையணைக்கு அடியில் ஃபோனுடன், கூடத்தில் தொலைக்காட்சி ஓட.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனனம் செய்வதும், பொருள் புரிந்து நீளமாக வாசிப்பதும் வேறு வேறு பயிற்சிகள். ஒன்று வந்தால் மற்றது தானாக வரும் என்று பெற்றோர் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான்கு பக்க உரைநடையைப் படிக்கும்போது முதல் பக்கத்தில் சொன்னதை நினைவில் வைத்து, மூன்றாம் பக்கத்தில் வருவதோடு பொருத்திப் பார்த்து, இது சரியா என்று தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். அதையும் யாராவது பழக்கித் தரத்தான் வேண்டும்.

வாசிப்பு விஞ்ஞானிக்கே வாசிக்க முடியாமல் போன கதை

மேரியன் வுல்ஃப் அமெரிக்காவின் பெயர் பெற்ற வாசிப்பு ஆய்வாளர். வாசிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதை ஆராய்வதே அவர் தொழில். பேசுவதற்கு மனிதனுக்குப் பிறவியிலேயே வழி அமைந்திருக்கிறது. வாசிப்பதற்கு அப்படி எதுவும் இல்லை என்பது அவர் விளக்கும் அடிப்படை உண்மை. பார்க்க, கேட்க, பேச, பொருள் உணர என்று வெவ்வேறு வேலைகளுக்கு இருக்கும் பகுதிகளை இணைத்து, ஒவ்வொரு குழந்தையின் மூளையும் புதிதாக ஒரு பாதை போட்டுக்கொள்கிறது. மேலோட்டமாக வாசித்தே பழகினால் பாதையும் மேலோட்டமாகவே அமையும். நன்றாகப் போட்ட பாதை கூட, நடக்காமல் விட்டால் புல் மண்டிவிடும்.

2018இல் வெளியான தன் நூலில் அவர் தன்னைப் பற்றியே ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். நாள் முழுவதும் மின்னஞ்சல், அறிக்கை, திரை என்று ஓடிக்கொண்டிருந்தவர், இளமையில் தான் மிகவும் நேசித்த ஒரு நாவலை மறுபடி எடுத்தார். ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் கடைசிப் பெரிய நாவல் அது. நீண்ட வாக்கியங்கள், மெதுவாக நகரும் கதை. அவரால் படிக்க முடியவில்லை. வாக்கியங்கள் தேவையில்லாமல் சுற்றி வளைப்பதாகத் தோன்றின. கண் வரிகளின் மேல் ஓடியது. உள்ளே எதுவும் இறங்கவில்லை. எரிச்சலுடன் புத்தகத்தை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார். உலகத்துக்கு வாசிப்பைப் பற்றிப் பாடம் எடுப்பவருக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்!

பிறகு தன்னையே ஒரு சோதனைக்கு உட்படுத்தினார். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் மட்டும். அதே புத்தகம். ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது. அதன் பிறகுதான் கதையின் வேகத்துக்குத் தன் வேகம் இறங்கியதாகவும், பழைய வாசகியாகத் தன்னை மறுபடி கண்டுகொண்டதாகவும் எழுதுகிறார்.

ஒரே ஒருவரின் அனுபவம்தான் இது. பெரிய ஆய்வு அல்ல. ஆனாலும் இதில் எனக்கு இரண்டு விஷயங்கள் பிடித்திருந்தன. போனது திரும்பி வந்தது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு நாளைக்கு இருபது நிமிடம்.

குறைந்தவர்கள் பலர், திரும்புகிறவர்கள் சிலர்

திரும்பி வருகிறது என்று நான் சொல்வதை மிகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மொத்தக் கணக்கு இறங்குமுகம்தான். அமெரிக்காவில் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அன்றாட நேரக் கணக்கை ஆராய்ந்து 2025இல் வெளியான ஓர் ஆய்வு, ஏதேனும் ஒரு நாளில் விருப்பத்துக்காக வாசித்தவர்கள் 2004இல் நூற்றுக்கு 28 பேர் என்றும், 2023இல் 16 பேர் என்றும் சொல்கிறது. குழந்தைகளுடன் சேர்ந்து வாசித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். ஆனால் அதே ஆய்வில் ஒரு சிறு வெளிச்சமும் உண்டு. வாசிப்பவர்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும், அவர்கள் வாசிப்புக்குச் செலவிடும் நேரம் குறையவில்லை. சற்றுக் கூடியே இருக்கிறது.

நம் பக்கத்திலும் இதைப் பார்க்கலாம். 2023 ஜனவரியில் பெங்களூரு கப்பன் பூங்காவில் இருவர் ஒரு சனிக்கிழமை பாயும் புத்தகமுமாக உட்கார்ந்ததில் தொடங்கியது 'கப்பன் ரீட்ஸ்'. அங்கே கூட்டம் இல்லை, பேச்சாளர் இல்லை, விவாதம் இல்லை. வந்து உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போவதுதான். வாரத்துக்கு வாரம் ஆட்கள் கூடி, வேறு பல நகரங்களுக்கும் பரவிவிட்டது. தமிழில் ஜெயமோகன் மகாபாரதத்தை நாவலாக 2014 முதல் 2020 வரை இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக எழுதினார். அது 26 நூல்களில் முடிந்தது. ஃபோனில்தான் பலரும் அதைப் படித்தார்கள். சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' வார இதழில் தொடராக வந்து, இரு பெரும் பாகங்களாகி, ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டியிருக்கிறது. நீளம் என்றாலே தமிழன் ஓடுகிறான் என்று சொல்வதற்கில்லை.

நம் சமுதாயத்துக்கு நீளமும் தொடரும் புதியவை அல்லவே. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் மதுரையில் அரங்கேற்றிய 'ஆயிரம் மசலா'வின் பெயரிலேயே ஆயிரம் கேள்வி இருக்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்கள். ஒருவர் பாட, ஒருவர் பொருள் சொல்ல, பல இரவுகள் உட்கார்ந்து கேட்ட ஊர்கள் நம்முடையவை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தச் சபையில் இருந்தார்கள். நாகூரில் மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோன சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார், உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை தந்தார். மூன்று ஆண்டுப் பள்ளிப் படிப்பு எங்கே, ஒரு நாவல் எங்கே? இடையில் இருந்தது வீட்டில் நடந்த வாசிப்புதான்.

மையவாடியின் சர்வே எண்

வாசிப்பு என்றதும் கதைப் புத்தகம், பொழுதுபோக்கு என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது, 2025 ஏப்ரல் வரை.

வக்ஃப் திருத்த மசோதா ஏப்ரல் 3ஆம் தேதி அதிகாலை மக்களவையில் நிறைவேறியது. விடிவதற்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவுகள் வந்து குவிந்தன. ஒருவர், பத்திரம் இல்லாத பள்ளிவாசல் எல்லாம் நாளையோடு போய்விடும் என்றார். இன்னொருவர், ஒன்றும் ஆகாது, எல்லாம் அரசியல் என்றார். "சட்டத்தை யாராவது படித்தீர்களா?" என்று எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. நானும் படித்திருக்கவில்லை. இந்த மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் வரைவு அறிக்கை 655 பக்கம். அது வாக்கெடுப்புக்கு முந்தைய இரவுதான் கைக்குக் கிடைத்தது என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் முறையிட்டிருந்தார்கள். ஒரே இரவில் 655 பக்கம் எப்படிப் படிப்பது என்று நாமும் கோபப்பட்டோம். பிறகு நமக்கு நாட்கணக்கில் நேரம் கிடைத்தது, நாம் படித்தோமா?

படிப்பது என்று உட்கார்ந்தேன். மூன்று மாலைகள் பிடித்தன. திருத்தச் சட்டத்தைத் தனியாகப் படித்தால் எதுவும் விளங்காது. 'இந்தப் பிரிவில் இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள்' என்று போய்க்கொண்டே இருக்கும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ரீல்ஸில் இதைச் செய்ய முடியாது.

அப்படிப் படித்தபோதுதான் குரல் பதிவு இரண்டுமே தவறு என்று தெரிந்தது. ஆவணம் இல்லாமல் நீண்டகாலப் பயன்பாட்டால் வக்ஃபாகக் கருதப்படும் முறையைச் சட்டம் இனிமேலுக்கு எடுத்துவிட்டது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே அந்த வகையில் பதிவாகியிருந்த சொத்துகள் வக்ஃபாகவே தொடரும் என்கிறது. அதோடு வாக்கியம் முடியவில்லை. அந்தச் சொத்து முழுவதுமோ ஒரு பகுதியோ தகராறில் இருந்தாலோ, அரசுச் சொத்தாக இருந்தாலோ அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதே வாக்கியத்தின் வால் சொல்கிறது. ஒரு மஹல்லாவின் கவலை முழுக்க அந்த வாலில்தான் இருக்கிறது. அதுவரை படிக்காதவருக்கு ஒன்று நிம்மதி கிடைக்கும், அல்லது பீதி கிடைக்கும். செய்ய வேண்டிய வேலை என்ன என்பது கிடைக்காது.

என் கணவர் இதை ஜமாஅத் நிர்வாகிகளிடம் எடுத்துச் சொன்னார். பழைய கோப்புகளைத் தேடி எடுத்தார்கள். மையவாடி பதிவாகியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மையவாடி இருக்கும் சர்வே எண்களில் ஒன்று அந்தப் பதிவில் விடுபட்டிருந்தது. எத்தனை ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் கிடந்ததோ! அதைச் சரிசெய்ய மனு கொடுத்து அலைந்துகொண்டிருக்கிறார்கள். செப்டம்பர் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தபோது, தடை எதற்கு, எதற்கு இல்லை என்று குழுவில் கேட்டவர்களுக்கு இந்த முறை பதில் சொல்ல மூன்று பேர் இருந்தோம். பயன்பாட்டால் வக்ஃப் என்பதை எடுத்ததற்குத் தடை கிடைக்கவில்லை என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டு இருபது நிமிடம்

இதற்குப் பிறகுதான் வீட்டில் வாசிப்பு தொடங்கினோம். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எடுத்தோம். முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்து, 1988இல் புத்தகமான நாவல். ஊரையே தன் கைக்குள் வைத்திருந்த ஒரு முதலாளியின் கதை. அந்த ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதும், அதற்கு எழுகிற எதிர்ப்பும் உள்ளே இருக்கின்றன. இஷாவுக்குப் பிறகு இருபது நிமிடம், ஒருவர் மாற்றி ஒருவர் உரக்க வாசிப்பது என்று ஏற்பாடு. எல்லோருடைய ஃபோனும் சமையலறை அலமாரியில்.

முதல் நாள் என் கணவர் தூங்கிவிட்டார். இரண்டாம் நாள் ஏழாவது நிமிடத்தில் என் கை தானாக மடியைத் தடவியது. ஃபோன் அங்கே இல்லை. மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தேவைதான். பிள்ளைகளை ஃபோனுக்காகத் திட்டும் நம் கையில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாவலின் பேச்சுமொழி குமரிக் கடற்கரையுடையது. மலையாளம் கலந்த சொற்கள் ஏராளம். மூன்றாம் நாள் நாங்கள் ஒரு சொல்லில் முட்டி நின்றபோது, மூலையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த என் உம்மா பொருள் சொன்னார். அவருக்கு எண்பத்தோரு வயது. கண்ணில் புரை, எழுத்து தெரியாது. மறுநாள் முதல் அவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போடச் சொல்லிவிட்டார். அதன் பிறகு வாசிப்பு பாதியும் அவருடைய கதை பாதியுமாகப் போனது. இருபது நிமிடம் பல நாட்கள் நாற்பதானது.

அந்த ஹாஃபிழ் பையனையும் வரச் சொன்னேன். அவனுக்கு நான் வைத்த ஏற்பாடு அவன் உஸ்தாதிடம் கற்றுக்கொண்டதுதான்: ஒரே இடம், ஒரே நேரம், எதிரில் ஓர் ஆள். வாசித்து முடித்ததும் நேற்று என்ன நடந்தது, இன்று என்ன மாறியது என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். கூடவே, இந்தப் பாத்திரம் செய்தது சரியா என்று ஒரு கேள்வி. முதல் வாரம் 'தெரியலை' என்பதுதான் பதில். மூன்றாம் வாரம், அந்த முதலாளி ஏன் பள்ளிக்கூடத்துக்குப் பயப்படுகிறார் என்று அவனே கேட்டான். படித்தவன் கேள்வி கேட்பான், அதனால் என்று என் மகள் பதில் சொன்னாள். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

அச்சுப் புத்தகம்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். 2000 முதல் 2017 வரையிலான 54 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் அதிகமானோரின் வாசிப்பை ஒப்பிட்ட கணக்கு ஒன்று 2018இல் வெளிவந்தது. தகவல் நிறைந்த கட்டுரைகளைத் தாளில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களை விடச் சற்று நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நேர நெருக்கடி இருக்கும்போது வித்தியாசம் கூடியது. கதைகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பாடமும் சட்டமும் பத்திரமும் முடிந்தவரை தாளில். கதையை எதில் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது என் கருத்து. பள்ளிகளில் கணினியைத் தாராளமாக நுழைத்த ஸ்வீடன் நாடே 2023இல் பாடப் புத்தகங்கள் வாங்க 68 கோடியே 50 லட்சம் குரோனர் ஒதுக்கியது. ஆனால் புத்தகம் வாங்க வசதியில்லை என்பதற்காக யாரும் தள்ளிப்போட வேண்டாம். ஃபோனில் இணையத்தை அணைத்துவிட்டுப் படித்தாலும் படிப்புதான். கிளை நூலகத்தில் உறுப்பினர் கட்டணம் மிகச் சிறியது.

நாவல் முப்பத்து நான்கு நாட்களில் முடிந்தது. இடையில் இரண்டு கல்யாணம், ஒரு மய்யித்து, மகளின் தேர்வு என்று ஒன்பது நாள் விட்டுப் போனது. கடைசிப் பக்கம் வாசித்த இரவு உம்மா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் இஷா முடிந்ததும் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு எது?" என்று கேட்டார். மீரானின் 'சாய்வு நாற்காலி'யைத் தொடங்கியிருக்கிறோம். இந்த முறை முதலில் வாசிப்பது அந்தப் பையன்.